பங்குனி ஈஸ்டரா, சித்திரை ஈஸ்டரா?

"நாலு நாள் லீவு அங்கிள், அஞ்சு ஊரு. முடியுமா?" பக்கத்து வீட்டுப் பெண் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள். மான்செஸ்டரில் கணக்காய்வாளராக இருக்கிறாள். தீபாவளிக்குக் கிள்ளான் பக்கத்து மேருவுக்கு வந்தவளுக்கு, திரும்பிப் போவதற்குள் 2027 ஈஸ்டர் விடுமுறைக்கு டிக்கெட் போட்டுவிட வேண்டும் என்று அவசரம். இங்கிலாந்தில் பெரிய வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் பொது விடுமுறை. நடுவில் இருக்கும் சனி ஞாயிறைச் சேர்த்தால் நான்கு நாள். ஐரோப்பாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் பாதிப் பேர் குளிர் விட்ட கையோடு வெயிலைத் தேடித் தெற்கே இறங்குவது அந்த வாரத்தில்தான். இவள் பட்டியலில் செஃபலூ, த்ராப்பானி, எரிச்சே, மோதிக்கா, தவோர்மீனா என்று ஐந்து ஊர்கள். எல்லாம் சிசிலித் தீவில்.

பிரிக்பீல்ட்ஸ் டிக்கெட் ஏஜென்சியில் வேலை பார்த்த காலத்தில் ரோமாபுரிக்குத் திருப்பயணக் குழுக்களை அனுப்பி வைத்தவன் நான். சில குழுக்களோடு கூடவே போனதும் உண்டு. அதனால் தாமானில் யாருக்குப் பயணச் சந்தேகம் வந்தாலும் வழக்கு என்னிடம்தான் வரும். மேரு பாசாரை ஒட்டிய கடையில் ரெண்டு தே தாரிக் சொல்லிவிட்டு, "ஊரை அப்புறம் பாக்கலாம்மா. முதல்ல எந்த ஈஸ்டருன்னு சொல்லு," என்றேன்.

"ரெண்டு இருக்கா?"

இருக்கிறது. கிறிஸ்துமஸ் போல ஈஸ்டருக்கு நிலையான தேதி கிடையாது. நிலாவைப் பார்த்து வைப்பது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி. அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். கி.பி. 325இல் நிசேயா என்ற ஊரில் ஆயர்கள் கூடியதிலிருந்து கிளம்பிய கணக்கு. நாம் பங்குனி உத்திரத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் நாள்காட்டியைப் புரட்டுகிறோமே, அவர்களும் அதே நிலாவைத்தான் புரட்டுகிறார்கள். 2027இல் மார்ச் 22 திங்கள்கிழமை பௌர்ணமி. அடுத்த ஞாயிறு மார்ச் 28. ரோமாபுரிக்கும் இத்தாலி, ஸ்பெயின், மால்டா, பிரான்ஸ் எல்லாவற்றுக்கும் அன்றைக்கு ஈஸ்டர்.

கிரேக்கர்களுக்கு இல்லை. போப்பாண்டவர் 13ஆம் கிரகோரி 1582இல் நாள்காட்டியைத் திருத்தினார். கீழைத் திருச்சபைகள் ஈஸ்டர் கணக்குக்கு அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. ஜூலியஸ் சீசர் காலத்துப் பழைய நாள்காட்டியை வைத்தே கணிக்கிறார்கள். பழைய நாள்காட்டி இப்போது 13 நாள் பின்தங்கி நிற்கிறது. அவர்களுடைய மார்ச் 21 நமக்கு ஏப்ரல் 3. ஆகவே மார்ச் 22 பௌர்ணமி அவர்கள் கணக்கில் சேராது, அடுத்த பௌர்ணமிதான். அவர்கள் நிலாவைக் கணிக்கும் வாய்ப்பாடும் பழையது, வானத்து நிலாவுக்குச் சில நாள் பிந்தியே பௌர்ணமியைக் காட்டும். எல்லாம் சேர்ந்து 2027இல் கிரேக்க ஈஸ்டர் மே 2.

அதாவது, இத்தாலியில் பங்குனிப் பௌர்ணமி ஈஸ்டர், கிரீஸில் சித்ரா பௌர்ணமி தாண்டிய ஈஸ்டர். இரண்டுக்கும் நடுவில் ஐந்து வாரம். சில வருஷம் ஒரு வாரம்தான் இடைவெளி இருக்கும். 2025இல் இரண்டும் ஏப்ரல் 20இல் ஒன்றாகவே வந்தன. 2028இலும் ஏப்ரல் 16இல் ஒன்றாக வரும். இதைப் பார்க்காமல் டிக்கெட் போட்டால், ஈஸ்டர் பார்க்கக் கிரேக்கத் தீவுக்குப் போய் இறங்கி, அங்கே இன்னும் நோன்புக்காலம் நடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஏஜென்சி நாள்களில் இப்படி வந்து முகம் தொங்கியவர்கள் உண்டு.

தேநீர் வந்தது. சூடு ஆறும்வரை விடுமுறைக் கதையைச் சொன்னேன்.

பெரிய வெள்ளிக்கு நம் கிள்ளானில் லீவு இல்லை. மலேசியாவில் சபாவுக்கும் சரவாக்குக்கும் மட்டும்தான். கத்தோலிக்க நாடான இத்தாலியிலாவது இருக்கும் என்று நினைப்போம். அங்கேயும் இல்லை! பெரிய வெள்ளி அவர்களுக்கு வேலை நாள். ஈஸ்டர் ஞாயிறும் மறுநாள் திங்களும்தான் விடுமுறை. மால்டாவில் தலைகீழ்: வெள்ளிக்கு லீவு உண்டு, திங்களுக்கு இல்லை. ஸ்பெயினில் வெள்ளி நாடு முழுவதும் லீவு, வியாழனும் பெரும்பாலான மாநிலங்களில் லீவு, திங்கள் சில மாநிலங்களில் மட்டும். இது ஏதோ பொது அறிவுப் போட்டிக்கான தகவல் இல்லை. எந்த நாள் கடை திறந்திருக்கும், எந்த நாள் பேருந்து ஓடும், எந்த நாள் ஊரே வெளியூர் போயிருக்கும் என்பதெல்லாம் இதிலிருந்துதான் தெரியும். சிசிலியில் வெள்ளிக்கிழமை காலை வங்கி உண்டு, பேருந்து உண்டு, கடை உண்டு. ஞாயிறு மதியம் சிற்றூரில் தெரு நாய்கூடக் குடும்பத்தோடு சாப்பிடப் போய்விடும். மேசைக்கு முன்பதிவு செய்யாதவருக்குப் பட்டினி. திங்கள்கிழமையை அவர்கள் பாஸ்குவெத்தா என்பார்கள். குடும்பம் குடும்பமாகச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு தோப்புக்கும் கடற்கரைக்கும் கிளம்புகிற நாள். ஊருக்குள் ஆள் இருக்காது, ஊருக்கு வெளியே கால் வைக்க இடம் இருக்காது.

"அப்ப அஞ்சு ஊரு?"

"ஒரு ஊரு. வேணும்னா பக்கத்துல ஒன்னு, ரெண்டு."

முகம் சுருங்கியது. புனித வாரத்தில் ஊர் பார்க்கப் போகிறவர்களோடு எனக்குள்ள ஒரே சண்டை இதுதான். செஃபலூவின் கடற்கரையும் தவோர்மீனாவின் பழைய கிரேக்க அரங்கும் அக்டோபரிலும் அங்கேயே இருக்கும். அந்த ஒரு வாரத்தில் மட்டும் நடப்பது ஒன்று இருக்கிறது. அது ஓடுகிறவருக்குக் கிடைக்காது. த்ராப்பானியை எடுத்துக்கொள்.

சிசிலியின் மேற்கு முனையில், கடலுக்குள் அரிவாள் போல நீட்டிக்கொண்டிருக்கிற துறைமுக ஊர். ஊருக்குத் தெற்கே உப்பளம். பெரிய வெள்ளி பிற்பகல் 2 மணிக்கு, உத்தரிக்கிற ஆன்மாக்களின் கோயில் என்று நாம் சொல்லக்கூடிய புர்கத்தோரியோ ஆலயத்திலிருந்து ஊர்வலம் கிளம்பும். மிஸ்தேரி என்று பெயர். கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் சுரூபக் கூட்டங்கள் மொத்தம் 20. இயேசு தாயிடம் விடைபெறுவதிலிருந்து கல்லறைக்குக் கொண்டுபோவது வரை 18 காட்சிகள். பின்னால் இறந்த ஆண்டவரின் பேழை. கடைசியில் கறுப்புப் போர்வையில் வியாகுல மாதா. வெள்ளி மதியம் கிளம்பியது விடிய விடியச் சுற்றிச் சனிக்கிழமை மதியம்தான் கோயிலுக்குள் திரும்பும். ஏறக்குறைய 24 மணி நேரம்.

சுரூபங்கள் பெரும்பாலும் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் செய்தவை. முழுக்க மரம் இல்லை. தலையும் கைகால்களும் மரத்தில் செதுக்கி, உடம்பை மரச்சட்டத்தில் கட்டி, பசையில் தோய்த்த துணியை மடிப்பு மடிப்பாகப் போர்த்தி இறுக வைத்து, மேலே வண்ணம் பூசுவது த்ராப்பானிக் கைவினைஞர்களின் முறை. அதனால்தான் அந்த ஆடைகள் காற்றில் அசைவது போல இருக்கின்றன; அவை நிஜமான துணிதான். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து, அப்போது இவை இருந்த சான் மிக்கேலே ஆலயம் இடிந்தது. சில சுரூபங்களும் சிதைந்து, பிறகு சீர்செய்யப்பட்டன. வருஷம் முழுவதும் புர்கத்தோரியோ ஆலயத்திலேயே நிற்கும். அருகில் போய்ப் பார்க்கலாம்.

என்னைக் கட்டிப் போட்டது சுரூபம் இல்லை, அதைச் சுமக்கிற ஏற்பாடு. ஒவ்வொரு காட்சியும் ஊரின் ஒரு தொழிலுக்கு உரியது. பாதம் கழுவுவது மீனவர்களுக்கு. கெத்சமனித் தோட்டம் காய்கறித் தோட்டக்காரர்களுக்கு. அதற்குமேல் பொருத்தமாக யாரைத் தேடுவது? சிலுவையை நிமிர்த்துவது தச்சர்களுக்கு. பேதுரு மறுதலிப்பது முடிதிருத்துபவர்களுக்கு. அது ஏன் என்று எனக்கு யாரும் விளக்கியதில்லை, அவர்களிடம் கேட்கவும் துணிவில்லை. முள்முடி ரொட்டி சுடுபவர்களுக்கு, தீர்ப்புக் காட்சி இறைச்சிக்கடைக்காரர்களுக்கு. கல்லறைக்குக் கொண்டுபோவது உப்பளத் தொழிலாளர்களுக்கு. கடைசியில் வரும் வியாகுல மாதாவைச் சமையல்காரர்கள், உணவகப் பணியாளர்கள், ஓட்டுநர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே நோட்டரி முன்னால் பத்திரம் எழுதி ஒப்படைத்த உரிமை இது. இந்தச் சுரூபத்தைப் பேணுவதும் அலங்கரிப்பதும் ஊர்வலத்தில் எடுப்பதும் இன்ன தொழிற்கூட்டத்தின் பொறுப்பு என்று.

இதை அவளுக்குப் புரியவைக்க ரொம்பப் பாடுபட வேண்டியிருக்கவில்லை. நம் கோயில் திருவிழாவில் முதல் நாள் உபயம் நகை வியாபாரிகள், மூன்றாம் நாள் துறைமுகத் தொழிலாளர்கள், ஐந்தாம் நாள் லோரி உரிமையாளர்கள் என்று நோட்டீஸில் அச்சடிக்கிறோமே, அதேதான். அவள் தாத்தாவே போர்ட் கிள்ளானில் மூட்டை சுமந்து, அந்தக் கூட்டத்தின் உபயத்துக்கு வருஷா வருஷம் ரசீது வாங்கியவர். எந்தத் தொழிலுக்கு ஆள் குறைந்துபோனாலும் உபயத்தை மட்டும் விடமாட்டார்கள். த்ராப்பானியிலும் அப்படித்தான். உப்பளத்தில் இறங்கி வேலை செய்கிறவர்கள் முன்போல் இல்லை, உப்பளத்துக்காரர்களின் சுரூபம் மட்டும் நிற்காமல் வருகிறது.

சுமக்கிறவர்களுக்கு மஸ்ஸாரி என்று பெயர். தோளில் ஏற்றி நேராக நடந்துவிட மாட்டார்கள். பின்னால் பித்தளை வாத்தியக் குழு துக்க இசை வாசிக்க, அதன் தாளத்துக்கு இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டி நடப்பார்கள். அன்னக்காத்தா என்று அதற்குப் பெயர். மரத்தாலான சிறு கருவி ஒன்றைத் தட்டியதும் கிளம்பும், மறுபடி தட்டினால் நிற்கும். அவ்வளவு பெரிய பீடம் குறுகிய தெருவில், சாளரத்துக்கு ஒரு சாண் தள்ளி, மெழுகுவர்த்தியும் பூவும் வெள்ளிக் கிரீடமுமாக அசைந்து வரும். முதல் தடவை பார்க்கிறவர் படம் எடுக்க முன்னால் ஓடுவார். ஓடாதே. ஒரு மூலையில் நின்றால் இருபதும் உன் முன்னால் வரும். மாலையில் ஒரு முறை பார்த்துவிட்டு அறைக்குப் போய்ப் படு. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து மறுபடி போ. அந்த நேரத்தில் கூட்டம் கரைந்திருக்கும். சுமக்கிறவர்களின் மனைவி பிள்ளைகள், தாத்தா பாட்டிகள், காப்பிக் கடைக்காரர் மட்டும் இருப்பார்கள். தோளுக்குத் தோள் மாறிக்கொண்டு, கண் செருகிக்கொண்டு, அப்போதும் ஆட்டம் விடாமல் நடப்பார்கள். சனி மதியம் சுரூபத்தைக் கோயில் வாசலில் திருப்பி உள்ளே கொண்டுபோக அவர்களுக்கு மனமே வராது. ரெண்டடி உள்ளே, ஓரடி வெளியே. பெரிய ஆண்கள் குலுங்கி அழுவார்கள்.

"நைட்டு குளிருமா?"

குளிரும். மார்ச் கடைசியில் பகலில் இதமாக இருக்கும், இரவில் கடல்காற்று எலும்பைத் துளைக்கும். மான்செஸ்டர் ஜாக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதே. காற்று பலமாக இருந்தால் த்ராப்பானியிலிருந்து எரிச்சேக்கு ஏறும் கேபிள் கார் நின்றுவிடும். எரிச்சே சுமார் 750 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் பழைய கல் ஊர். வியாழன் இரவே வந்துவிட்டால் வெள்ளி காலை ஏறி இறங்கலாம், பாதாம் பலகாரம் வாங்கலாம். அவ்வளவுதான், அதற்குமேல் அங்கே வேலை இல்லை.

மற்ற ஊர்களை அவள் விடுவதாக இல்லை. மோதிக்கா? சாக்லேட்டுக்குப் பேர் போனது. ஈஸ்டர் ஞாயிறு நண்பகலில் கறுப்புப் போர்வை போர்த்திய மாதா சுரூபம் மகனைத் தேடி வரும். உயிர்த்த ஆண்டவரைக் கண்டதும் போர்வை விழுந்து நீல உடை தெரியும், புறா பறக்கும், தாய் மகனை முத்தமிடுவாள். நல்லதுதான். ஆனால் தீவின் எதிர்மூலை. த்ராப்பானியிலிருந்து அரை நாள் பயணம். பிரித்சி என்ற மலையூரில் அதே ஞாயிறு சிவப்பு உடையில் கொம்பு வைத்த பிசாசுகளும் மஞ்சள் உடையில் மரணமும் தெருவில் ஆடி, உயிர்ப்பைத் தடுக்கப் பார்த்துத் தோற்கும். கூரான முகமூடி போட்ட ஊர்வலம் எங்காவது கண்ணில் பட்டால் பயந்துவிடாதே. ஸ்பெயினிலும் சிசிலியின் என்னா போன்ற ஊர்களிலும் தவம் செய்கிறவர் யார் என்று தெரியக்கூடாது என்பதற்காகச் சபைக்காரர்கள் முகத்தை மறைப்பது பல நூற்றாண்டு வழக்கம். அமெரிக்க இனவெறிக் கூட்டம் அதைப் போன்ற முகமூடியை மாட்டிக்கொண்டது வெகு காலம் கழித்து.

ஞாயிறுக்கு நான் சொல்வது பியானா தெலி அல்பனேசி. பலெர்மோ நகரத்திலிருந்து 25 கிலோமீட்டருக்குள். துருக்கியருக்குத் தப்பி ஓடிவந்த அல்பேனியர் 1488இல் அமைத்த ஊர். ஐநூறு வருஷத்துக்கு மேலாகியும் வீட்டில் அல்பேனிய மொழி பேசுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கும் தெருப்பலகைக்கும் அந்த மொழி வேண்டும் என்று நிற்கிறார்கள். எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் படித்த எனக்கு அந்த ஊர்க்காரர்கள்மேல் தனிப் பிரியம். வழிபாடு கிரேக்க முறையில், தலைவர் போப்பாண்டவர், ஈஸ்டர் தேதி ரோமாபுரித் தேதி. அதனால் பங்குனி விடுமுறையிலேயே கீழைத் திருச்சபையின் ஈஸ்டர் எப்படி இருக்கும் என்று அங்கே பார்த்துவிடலாம். பெண்கள் பொன் சரிகை வேலைப்பாடு செய்த பழைய உடையில் தெருவில் நடந்து வருவார்கள், சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டை கொடுப்பார்கள். ஞாயிறு பேருந்தை நம்பாதே. பலெர்மோவில் டாக்சி பேசி, திரும்பி வரவும் அவரையே வரச் சொல். அன்றைக்கு இன்னொன்று: மார்ச் கடைசி ஞாயிறு என்பதால் விடியும் முன் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளப்படும். இரவெல்லாம் விழித்த களைப்பில் அதையும் மறந்தால் பூசை முடிந்த பிறகுதான் போய்ச் சேருவாய்.

"பலெர்மோவுல என்ன இருக்கு?"

"தமிழ் இருக்கு."

சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கிளம்பிய தமிழர்களில் ஒரு பகுதியினர் சிசிலியில் ஒதுங்கினார்கள். லண்டனுக்கும் பாரிஸுக்கும் டொரோண்டோவுக்கும் போனவர்களைப் பற்றிப் பேசிப் பேசி நமக்குப் பலெர்மோ தெரியாமல் போனது. வீட்டு வேலை, முதியோரைப் பார்த்துக்கொள்வது, கடை என்று பிழைத்து, இப்போது அங்கேயே பிறந்த பிள்ளைகள் பலெர்மோ வட்டார வழக்கில் சண்டை போடுகிறார்கள். பழைய நகரத்தின் பல்லரோ சந்தைப் பக்கம் நடந்தால் கறித்தூள் மணமும் யாழ்ப்பாணப் பேச்சும் தேடாமலே கிடைக்கும்.

அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள மோந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு ஏற வேண்டும். பலெர்மோவின் பாதுகாவலி புனித ரோசலியா. 1624இல் ஊரில் கொள்ளைநோய் பரவியபோது இந்த மலைக் குகையில் அவர் எலும்புகள் கிடைத்தன என்றும், அவற்றை ஊர்வலமாக எடுத்து வந்ததும் நோய் ஓய்ந்தது என்றும் நம்பிக்கை. குகையையே கோயிலாக்கியிருக்கிறார்கள். பாறையிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்கத் தகரத் தாழ்வாரம் ஓடும், அடியில் மெழுகுவர்த்தி எரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மலைக்கு வருகிறவர்களில் தமிழர்கள் நிறைய, அவர்களில் பலர் சைவர்கள். மலை, குகை, கன்னித் தெய்வம், நோய் தீர்க்கிறவள். நம்மவர்களுக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. நேர்த்தி வைக்கிறார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். சிசிலிக்காரர்கள் அதை வேடிக்கை பார்ப்பதில்லை. தங்கள் புனிதையை இன்னொருவரும் கும்பிடுவதில் அவர்களுக்குப் பெருமைதான். இத்தாலிய ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், தமிழில்தான் குறைவு. திங்கள்கிழமை நீ அங்கே ஏறு. லீவு நாள், அடிவாரத்துத் தோப்பு முழுக்கப் பலெர்மோக் குடும்பங்கள் அடுப்பு மூட்டியிருக்கும். கல் பாவிய பழைய பாதையில் நடந்தே போகலாம். வழியில் யாராவது "எந்த இடம் நீங்கள்?" என்று கேட்டால் மேரு என்று சொல்லு, கிள்ளான் என்று விளக்கு, சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள்.

சாப்பாடு என்றதும் அவள் அம்மா காதில் வேறு விழுந்தது. வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம். "அங்க எல்லாம் மாடும் பன்னியும்தானே தம்பி?" என்றார், கடைக்குக் காய்கறி வாங்க வந்தவர், பையோடு நின்றபடி. பெரிய வெள்ளியன்று கத்தோலிக்கர்களுக்கே இறைச்சி கிடையாது அக்கா, மீனோடு சரி என்றேன். மீனும் வேண்டாம் என்றால் பலெர்மோத் தெருவில் பனேல்லே இருக்கிறது: கடலை மாவைக் கிண்டிப் பரப்பி, துண்டு போட்டு எண்ணெயில் பொரித்து, எலுமிச்சை பிழிந்து ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பது. கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் சமைக்கும் கப்போனாத்தா. த்ராப்பானிப் பக்கம் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த குஸ்குஸ், அது மீன் குழம்போடுதான் வரும், கேட்டுச் சாப்பிடு. ஈஸ்டருக்கென்று பாதாம் மாவில் ஆட்டுக்குட்டி செய்வார்கள். ஃபவாரா என்ற ஊரில் அதற்குள் பிஸ்தா வைப்பார்கள். முழு முட்டையை ஓட்டோடு பதித்துச் சுட்ட ரொட்டியும் உண்டு. அக்காவுக்குத் திருப்தி ஏற்பட்டதாகத் தெரியவில்லை. ஊறுகாய் கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கார் எடுக்கலாமா என்று கேட்டாள். த்ராப்பானிக்கு வேண்டாம். ஊர்வலத் தெருக்களை அடைத்துவிடுவார்கள், காரை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவாய். பலெர்மோ விமான நிலையம் நகரத்துக்கும் த்ராப்பானிக்கும் இடையில்தான் இருக்கிறது. அங்கிருந்தே பேருந்து பிடிக்கலாம். எடுத்தே தீருவேன் என்றால் மலேசிய உரிமத்துக்கு அனைத்துலக ஓட்டுநர் அனுமதி வேண்டும், ஆட்டோ கியர் வேண்டும் என்று முன்னமே சொல்லி வை. அங்கே வாடகைக் கார்களில் பெரும்பாலானவை கையால் கியர் போடுவது. பழைய நகரத்துக்குள் வெளியார் வண்டிக்குத் தடை உள்ள பகுதிகள் உண்டு. நுழைவாயிலில் கேமரா நம்பர் பலகையைப் பிடித்துக்கொள்ளும், அபராதக் கடிதம் மாதக்கணக்கில் கழித்து வீடு தேடி வரும். நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுகிற மத்தியதரை நாடு வேண்டுமென்றால் மால்டாவும் சைப்ரஸும்தான். மால்டாவில் ஆங்கிலமும் ஆட்சிமொழி. பிர்கு என்ற கோட்டை ஊரில் ஈஸ்டர் ஞாயிறன்று உயிர்த்த ஆண்டவர் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் நான் மால்டாவைத்தான் சொல்வேன்.

கடப்பிதழ் விஷயத்தில் கவலை இல்லை. மலேசியர்களுக்கு ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள்வரை விசா வேண்டாம். 2025 அக்டோபரிலிருந்து முத்திரை குத்துவதை விட்டுக் கைரேகையும் படமும் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள், முதல் தடவை வரிசை நீளலாம். உன் அலுவலகத் தோழி இந்தியக் கடப்பிதழ் என்றாயே, அவளுக்கு விசா வேண்டும். அவளை இப்போதே விண்ணப்பிக்கச் சொல்.

"அப்ப கிரீஸ்?"

விடமாட்டாள் என்று தெரியும். நல்ல செய்தியும் இருந்தது. 2027இல் கிரேக்க ஈஸ்டர் ஞாயிறு மே 2. இங்கிலாந்தில் மே மாத முதல் திங்கள் எப்படியும் பொது விடுமுறை, அது மே 3. ஏப்ரல் 30 வெள்ளிக்கு மட்டும் லீவு எழுதிக் கொடுத்தால் இன்னொரு நான்கு நாள். இத்தாலியின் கனம் வெள்ளிக்கிழமையில் என்றால் கிரீஸின் கனம் சனிக்கிழமை நள்ளிரவில். விளக்கெல்லாம் அணைத்த கோயிலிலிருந்து ஒரு சுடர் வெளியே வரும், மெழுகுவர்த்தியிலிருந்து மெழுகுவர்த்திக்குத் தாவி ஊர் முழுக்கப் பரவும், பிறகு வெடி. லியோனிதியோ என்ற ஊரில் காகிதப் பலூன்களில் நெருப்பு வைத்து வானத்தில் விடுவார்கள். கொர்ஃபூ தீவில் சனி காலை 11 மணிக்கே மாடங்களிலிருந்து தண்ணீர் நிறைத்த மண்குடங்களைத் தெருவில் போட்டு உடைப்பார்கள். ஓரமாக நிற்க வேண்டும், சொல்லிவிட்டேன். சீரோஸ் தீவில் மேல் ஊர் கத்தோலிக்கர், கீழ் ஊர் கீழைத் திருச்சபையினர். அங்கே கத்தோலிக்கர்களும் கிரேக்கத் தேதியிலேயே ஈஸ்டர் வைத்துக்கொள்கிறார்கள். ஒரே தீவில் ரெண்டு வீட்டில் ரெண்டு நாள் தீபாவளி வேண்டாம் என்று முடிவு பண்ணியிருக்கிறார்கள்.

ரெண்டுக்கும் பணம் இல்லை என்று உதட்டைப் பிதுக்கினாள். காசில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் மலாக்கா இருக்கிறது. 1710இல் கட்டிய சென்ட் பீட்டர் ஆலயத்தில் பெரிய வெள்ளி மாலை இறந்த ஆண்டவரின் சுரூபத்தை மெழுகுவர்த்தியோடு ஊர்வலமாக எடுக்கிறார்கள். போர்ச்சுகீசியர் 1511இல் ஊரைப் பிடித்தார்கள், 1641இல் டச்சுக்காரரிடம் தோற்றார்கள், வழக்கத்தை மட்டும் உஜோங் பாசிர்க் குடியிருப்பின் பேரப்பிள்ளைகள் விடவில்லை. மேருவிலிருந்து ரெண்டரை மணி நேரம், எண்ணெய்க் காசு, டோல். அவள் அப்பாவுக்கு இது பிடிக்கும் என்று தோன்றுகிறது, அவளுக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் மழையைப் பற்றிக் கேட்டாள். சரியான கேள்வி. பசைத்துணிச் சுரூபம் நனையக்கூடாது. வானம் கறுத்தால் ஊர்வலம் தாமதமாகும், சுருங்கும், நின்றும் போகும். அதனால்தான் நான்கு நாளில் நான்கு ஊருக்கு முன்பதிவு செய்யாதே என்கிறேன். வியாழன் இரவு த்ராப்பானி, வெள்ளியும் அங்கேயே, சனி மாலை பலெர்மோ, ஞாயிறு பியானா, திங்கள் மலை. த்ராப்பானியில் அறை இப்போதே எடு, புனித வாரத்துக்கு மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். திங்கள் மாலை விமானத்தை எடுக்காதே, ஐரோப்பா முழுவதும் அன்றைக்குத்தான் வீடு திரும்பும், விலையும் அப்படி. செவ்வாய் காலை விமானம் எடுத்துக்கொண்டு அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லு.

கைப்பேசியில் தவோர்மீனாவையும் மோதிக்காவையும் அழித்தாள். செஃபலூவை மட்டும் வைத்துக்கொண்டாள். பலெர்மோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான் என்று எங்கோ படித்திருக்கிறாளாம். அது உண்மைதான், நான் ஒன்றும் சொல்லவில்லை.